குற்றவியல் படிக்க: சமூகவியலா, உளவியலா?

சிங்கப்பூர் தேக்கா கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, அக்கா மகள் கேட்டாள்: “மாமா, குற்றவியல் படிக்கணும். எந்தப் பக்கம் போறது?”

பார்வை: சமூகவியல் குற்றத்தின் வேரைச் சமூகத்தில் தேடும், உளவியல், ஆளின் மனத்தில்.

பாடம்: முன்னதில் சிறை மீண்டவரை அக்கம்பக்கம் எப்படிப் பார்க்கிறது என்பதெல்லாம் வரும். சிறை மீண்டவர் மறுபடி வாழ்க்கை தொடங்க உதவும், 2004-இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். எழுதி எழுதிக் கை வலிக்கும். பின்னதில் புள்ளியியல் அதிகம்.

காலம், செலவு: என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) இரண்டும் 4 ஆண்டு. ஆனால் உளவியலாளராகப் பெரும்பாலும் மாஸ்டர்ஸும் வேண்டும்; செலவு ஏறும்.

கைதியோடு எதிரெதிரே உட்கார்ந்து பேச ஆசையா, உளவியல். கொள்கை, ஆய்வு என்றால் சமூகவியல். அவளுக்குச் சமூகவியல்தான் என்றேன். புள்ளியியல் என்றதும் முகம் போன போக்கைப் பார்த்தேனே!