சிசேரியனை நானே கேட்டதாக எழுதி வைத்திருந்தார்கள்: பிரசவத்துக்குச் சேரப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

குழந்தைக்கு நேற்றோடு நாலு மாதம் முடிந்தது. கையில் பேப்பர் எல்லாம் வந்து சேரட்டும் என்று இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன். ஆஸ்பத்திரி பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள். வடசென்னையில், திருவொற்றியூர் ஹைரோட்டை ஒட்டி எங்கள் பக்கம் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒன்று, அவ்வளவு போதும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர் வரைக்கும் இருக்கிற பெண்கள், முக்கியமாக முதல் பிரசவத்துக்குப் போகிறவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். கூட வரப்போகிற கணவரையும் படிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கையெழுத்து போடப்போவது அவர்தான்.

என் அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். நாங்கள் மூன்று பேருமே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவத்தில் பிறந்தோம். எனக்கும் அங்கேயே பார்க்கலாம் என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கூட்டமாக இருக்கும், ஒரு கட்டிலுக்குப் பத்து பேர் வந்து நிற்பார்கள் என்று பயந்து நாங்கள்தான் தனியாருக்குப் போனோம். வீட்டுக்காரர் ஹார்பரில் கிளியரிங் கம்பெனியில் வேலை பார்க்கிறார், கம்பெனி இன்சூரன்சில் பிரசவத்துக்கு 50,000 ரூபாய் வரை வரும். நார்மல் என்றால் 55,000, சிசேரியன் என்றால் 1,10,000 என்று பேக்கேஜ் சொன்னார்கள். நமக்குத்தான் எந்தப் பிரச்சினையும் இல்லையே, பிரஷர் இல்லை, சுகர் இல்லை, குழந்தை தலை கீழேதான் இருக்கிறது, அதனால் நார்மல் கணக்கையே மனதில் வைத்துக்கொண்டோம்.

38 வாரம் 3 நாள். ஒரு வெள்ளிக்கிழமை செக்கப். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா, “தண்ணி கம்மியாயிட்டு வருது, தொப்புள்கொடி வேற கழுத்துல சுத்தியிருக்கு, இனிமே உள்ள வெச்சிருந்து பிரயோஜனம் இல்ல, இன்னிக்கு நைட்டே சேர்ந்துடுங்க” என்றார். ரிப்போர்ட்டில் பனிக்குடத் தண்ணீர் அளவு 8.4 என்று இருந்தது. அது கம்மியா, சரியா என்று எங்களுக்கு என்ன தெரியும்? அம்மா மட்டும் வெளியே வந்ததும், “இன்னாடி இது, வலியே காணோம், தேதிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல கெடக்கு, இப்பவே எதுக்கு போயி படுக்கணும்?” என்றார். நான்தான் அம்மாவை அதட்டினேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு யாருக்குத்தான் யோசிக்கத் தோன்றும்?

அன்று ராத்திரி 10 மணிக்கு, கருப்பை வாயை இளக வைத்து வலி வரவைக்கிற ஜெல் முதல் முறை வைத்தார்கள். காலை 5 மணிக்கு இரண்டாவது. லேசாக இடுப்பு வலி, அவ்வளவுதான். 10.30-க்குப் பனிக்குடத்தை உடைத்துவிட்டு, வலி வருவதற்கு டிரிப்ஸ் போட்டார்கள். அதற்கப்புறம் வந்த வலியை என்னால் எழுத முடியவில்லை. தானாக வருகிற வலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், இது அப்படி இல்லை, ஒன்று முடிவதற்குள் அடுத்தது. வயிற்றைச் சுற்றி இதயத்துடிப்பு பார்க்கிற பெல்ட்டைக் கட்டியிருந்ததால் எழுந்து நிற்கவும் முடியாது, திரும்பிப் படுக்கவும் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் கக்கிய பேப்பர் மடிந்து மடிந்து தரையில் குவிந்துகொண்டே இருந்தது. இரண்டு மணிக்கு மேல் அதை யாரும் குனிந்து எடுத்துப் பார்க்கவில்லை. அம்மாவை உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சினேன், விடவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சாயங்காலம் 6.10-க்கு டாக்டரம்மா கை வைத்துப் பார்த்தார். “நாலு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு, இதுக்கு மேல முன்னேற்றம் இல்ல, ஆபரேஷன் பண்ணிடலாம்.” எனக்குச் சொன்னது இதுதான்.

அதே நேரம் வெளியே சிஸ்டர் ஒருவர் வீட்டுக்காரரிடம், “குழந்தைக்கு ஹார்ட் பீட் இறங்குது, சீக்கிரம் சைன் பண்ணுங்க” என்று ஒரு கட்டு பேப்பரை நீட்டியிருக்கிறார். எங்கெங்கே கையெழுத்து போட வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. ஆறு இடம். எழுதவேண்டிய இடங்களெல்லாம் காலியாக இருந்ததாம். அவர் ஒரு வரியும் படிக்கவில்லை, கை நடுங்கியது என்கிறார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். 7.35-க்கு ஆபரேஷன், பெண் குழந்தை, 2.9 கிலோ, பிறந்தவுடனே நன்றாக அழுதாள்.

தையல் பிரிந்து சீழ் பிடித்து 17 நாள் டிரெஸ்ஸிங்குக்கு அலைந்ததையெல்லாம் நீட்டவில்லை. மொத்த பில் 1,46,000. அம்மா செயினை அடகு வைத்துத்தான் கட்டினோம்.

விஷயம் வெளியே வந்தது எப்படி என்றால், எங்கள் பெரியம்மா மகள் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். குழந்தையைப் பார்க்க வந்த அக்கா டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படித்துவிட்டு, “ஏம்மா, நீயா ஆபரேஷன் வேணும்னு கேட்ட?” என்றார். இல்லையே என்றேன். அக்கா விரல் வைத்துக் காட்டிய இடத்தில், சிசேரியனுக்கான காரணம் என்ற கட்டத்தில், தாயின் விருப்பத்தின் பேரில் என்று ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தது. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரமாக அந்தப் பேப்பர் எங்கள் பீரோவில்தான் கிடந்தது.

என்னிடம் சொன்னது ஒரு காரணம், வீட்டுக்காரரிடம் சொன்னது வேறு காரணம், பேப்பரில் நான் கேட்டேன் என்று மூன்றாவது காரணம். வயிற்றைக் கிழித்ததைவிட இந்த ஒரு வரிதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

சிகிச்சை விவரமெல்லாம் எழுதியிருக்கும் கேஸ் ஷீட்டின் காப்பி கேட்டுப் போனோம். ஃபைல் ஸ்டோருக்குப் போய்விட்டது என்றார்கள், அடுத்த முறை மேனேஜர் இல்லை என்றார்கள். அக்கா சொல்லித்தான் தெரியும், நோயாளியோ அவர் சார்பில் இன்னொருவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிமுறையிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு லெட்டர் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். அப்படியும் ஒன்பது நாள் ஆனது.

வந்த பேப்பரை அக்கா எனக்கு வரி வரியாக விளக்கினார். தண்ணீர் அளவு 5-க்குக் கீழே போனால்தான் குறைவு என்பார்களாம், என்னுடையது 8.4. கொடி சுற்றியிருப்பது நாலைந்து குழந்தையில் ஒன்றுக்கு இருக்கிற சாதாரண விஷயம், அதை மட்டும் வைத்து யாரும் வயிற்றைத் திறப்பதில்லை. ஜெல் வைப்பதற்கு முன்னால் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்து மென்மையாகியிருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவார்கள், பிஷப் ஸ்கோர் என்று பெயர், 1964-லிருந்து இருக்கிற கணக்கு. மொத்தம் 13. ஆறும் அதற்குக் கீழும் என்றால் வாய் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். எனக்கு எழுதியிருந்தது 3. அதாவது உடம்பு தயாராகவே இல்லை என்று அவர்கள் கையாலேயே எழுதிவிட்டு, எந்த அவசரமும் இல்லாத 38 வாரத்தில் ஜெல் வைத்திருக்கிறார்கள். கூடவே எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கு 41 வாரம் முடிகிற வரை காத்திருக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அப்புறம் அந்த நாலு சென்டிமீட்டர். பிரசவ வலி சூடு பிடிக்கிற கட்டமே 5 சென்டிமீட்டரிலிருந்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றது. பனிக்குடம் உடைத்து டிரிப்ஸ் போட்ட பிறகு, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் வலி வரவைக்கிற மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 2014-ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள். எனக்கு எட்டு மணி நேரம்கூட முடியவில்லை. குழந்தையின் துடிப்பு? 6.10-க்கு 142 என்று எழுதியிருக்கிறது. 110-லிருந்து 160 வரை சரியான அளவு. துடிப்பு இறங்கியதாக எந்தப் பக்கத்திலும் ஒரு எழுத்துகூட இல்லை. அப்படியென்றால் வீட்டுக்காரரிடம் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவுக்கு வெளியூர் பயணம் இருந்தது என்று அங்கே வேலை செய்யும் ஒருவர் அம்மாவிடம் சொன்னார். அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, புகாரிலும் எழுதவில்லை.

சிசேரியனே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டு இருந்தது, சிசேரியன் இல்லை என்றால் இரண்டு உயிரும் போயிருக்கும். வலி வரவைப்பதும் எல்லோருக்கும் தப்பு இல்லை. பிரஷர் ஏறினவர்கள், தேதி தாண்டினவர்கள், பனிக்குடம் உடைந்தும் வலி வராதவர்கள், இவர்களுக்கு அது வேண்டும். 39 வாரத்தில் வலி வரவைத்த முதல் பிரசவங்களில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2 என்று 2018-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வே வந்திருக்கிறது, அதையும் அக்கா மறைக்காமல் சொன்னார். “ஆனா 39 வாரம் முடியறதுக்கு முன்னாடி கை வைக்கலம்மா, பொறுமையா வேற பார்த்தாங்க” என்றார். குழந்தை அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணீர் பச்சையாகப் போனாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ என் பதிவைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாடு முழுக்க நூறு பிரசவத்தில் 21 அல்லது 22 சிசேரியன், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45. அதிலும் அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் நம் மாநிலக் கணக்கு 34-தான். ஒரு ஊரில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. தேவைப்படுகிற ஒவ்வொருத்திக்கும் செய்யத்தான் வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் சிக்கலான கேஸ்களெல்லாம் கடைசி நேரத்தில் வந்து இறங்கும். அங்கே 36, தனியாரில் 64 என்றால் எங்கள் இடுப்பெல்லாம் தனியாருக்குள் நுழைந்ததும் சுருங்கிவிடுகிறதா? நம் ஜனங்களும் நல்ல நேரம் குறித்துக்கொண்டு போய் நிற்கிறார்கள், அதுவும் உண்மைதான். நான் எந்த நேரமும் குறிக்கவில்லை.

ஒரு தடவை வயிற்றைத் திறந்துவிட்டால் அது அதோடு முடிவதில்லை. அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறும். முதல் சிசேரியனுக்கு அப்புறம் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்கிறவர்களில் பாதிக்கு மேல் ஜெயிக்கிறார்கள், ஆனால் அந்த முயற்சிக்கு ஒத்துக்கொள்கிற தனியார் ஆஸ்பத்திரியை எங்கள் பக்கம் நான் இன்னும் பார்க்கவில்லை.

அதனால், சேரச் சொன்னால் அங்கேயே மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காக, இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் என்ன ஆகும், என் ஸ்கோர் எவ்வளவு. கோபப்பட்டால் படட்டும். உண்மையான அவசரம் என்றால் ஒரு வரியில் பதில் வரும். அவகாசம் இருந்தால் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியிலோ ஆர்.எஸ்.ஆர்.எம். ஓ.பி.யிலோ ஒரு முறை காட்டுங்கள். காலி ஃபாரத்தில் கையெழுத்து போடாதீர்கள், காரணம் என்ற இடத்தில் டாக்டர் கையால் எழுதின பிறகு போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் போடுங்கள், அதற்கு அரை நிமிஷம் போதும். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டுவதற்கு முன்னால் சம்மரியை உட்கார்ந்து படியுங்கள், ஆங்கிலம் வராது என்றால் போட்டோ எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள்.

நாங்கள் டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், ஆஸ்பத்திரி மேல் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் புகார் கொடுத்திருக்கிறோம். காசு கொடுத்துப் பார்க்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதற்கும் வக்கீலைப் பார்த்திருக்கிறோம். நான் முதலில் கேட்டிருப்பது பணம் இல்லை. அந்தக் கட்டத்தில் இருக்கும் வரியை அடித்துவிட்டு, உண்மையான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே கீழே சேர்க்கிறேன்.