செங்கன்னூர் விபஸ்ஸனா பத்து நாள்: செங்கோட்டை, புனலூர் பக்கத்தில் இருந்து போகிறவர்களுக்கு

சபரிமலைக்குப் போகிறவர்கள் இறங்கும் ஸ்டேஷன் என்றுதான் நம் பக்கத்து ஆட்களுக்குச் செங்கன்னூரைத் தெரியும். அதே ஊருக்குப் பக்கத்தில் தம்ம கேதனா என்ற மையம் இருக்கிறது; விபஸ்ஸனா என்ற தியானத்தைப் பத்து நாள் தங்கிக் கற்கும் இடம். செங்கோட்டை, தென்காசி, ஆரியங்காவு, புனலூர் என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் தமிழர்களுக்கு எட்டுகிற தூரம்தான். பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் செங்கன்னூர். பஸ் என்றால் புனலூர், கொட்டாரக்கரை வந்து எம்.சி. ரோட்டில் அடூர், பந்தளம் வழி. பெயர் பதிவது பிற்பகலில்தான்; அவசரம் வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் ஓய்வெடுக்கலாம் என்று போகிறவர்கள்தான் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டுகிறார்கள். அங்கே இருப்பது வேலை. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30க்கு உட்கார ஆரம்பித்தால், சாப்பாடு, குளியல், நடை எல்லாம் போக ராத்திரி 9 மணி வரைக்கும் பத்தரை மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடி உட்காரும் கணக்கு வருகிறது. 9.30க்கு விளக்கு அணையும். கூட இருப்பவர்களோடு பேச்சு கிடையாது, சைகையும் கிடையாது. போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் போய்ச் சேர்ந்த அன்றே ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் நாள் காலையில்தான் அவர்களோடு வாய் திறக்கலாம். பதினொன்றாம் நாள் காலையில் வீட்டுக்குக் கிளம்பலாம்.

பயிற்சியை அமைத்தவர் சத்ய நாராயண் கோயங்கா. 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்தவர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி, பர்மா அரசில் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கினிடம் போய்க் கற்றவர். 1969இல் இந்தியாவுக்கு வந்து சொல்லித்தர ஆரம்பித்தார், 2013இல் காலமானார். இப்போதும் கற்றுத்தருவது பதிவு செய்யப்பட்ட அவர் குரல்தான். ஹாலில் எதிரே உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் சந்தேகம் தீர்ப்பார், வேறு உரை நிகழ்த்தமாட்டார். குருவின் முகத்தைப் பார்த்து மனசு கரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது வறட்சியாக இருக்கும். எனக்கு இதுவே நல்லதாகப் படுகிறது: ஆசிரியருக்கு ஆசிரியர் பாடம் மாறுவதில்லை.

"மதம் மாற்றுவார்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. மாற்றமாட்டார்கள். எல்லா மதத்தவரும் வருகிறார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த அன்று மாலையில் புத்தம், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணம் சொல்லி, பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க விதிகளை ஏற்றுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மந்திரம் எல்லாம் பாலி மொழியில். இது எல்லோருக்கும் பொதுவான பயிற்சி என்று அவர்கள் சொல்வது உண்மைதான். அதே சமயம் ஒழுக்கம், முறை, சொல் மூன்றும் பௌத்தத்தில் இருந்து வந்தவை. தெரிந்துகொண்டு போனால் முதல் ராத்திரியில் நெருடாது.

மாலை போட்டிருக்கும் ஐயப்ப பக்தர்கள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் பூஜை, ஜபம், விரதம், ஊதுபத்தி எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ஜபமாலை, தாயத்து போன்றவற்றைக் கொண்டுவரக் கூடாது. ஒரு முறையை மட்டும் கலப்பில்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். மண்டல விரதத்தையும் இதையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும். வேறு மாதம் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் செங்கன்னூர் ரயிலில் இடம் கிடைப்பதும் பெரும்பாடு. மற்றபடி 41 நாள் விரதம் இருந்து பழகிய உடம்புக்கு இங்குள்ள கட்டுப்பாடு புதிதாக இருக்காது.

இனி பயிற்சி. முதல் மூன்றரை நாள் ஆனாபானா: மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது, அவ்வளவுதான். முதல் நாள் மூக்கு முழுவதும்; போகப்போக இடத்தைச் சுருக்கி, கடைசியில் மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள மீசை இடத்தில் மட்டும் கவனம் நிற்க வேண்டும். இங்கே தவறு செய்கிறவர்கள் பெரும்பாலும் யோகா கற்றவர்கள். பிராணாயாமப் பழக்கத்தில் மூச்சை இழுத்து, நிறுத்தி, அளந்து விடுவார்கள். இங்கே மூச்சு தானாக நடக்க வேண்டும். சின்ன மூச்சென்றால் சின்னது, ஒரு துவாரத்தில் ஓடினால் அந்த ஒன்று. கவனமே பிடிபடவில்லை என்றால் நாலைந்து மூச்சை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விட்டுவிட்டு, மறுபடி இயல்புக்கு வந்துவிட வேண்டும்.

நான்காம் நாள் பிற்பகலில்தான் விபஸ்ஸனா தருகிறார்கள். உச்சந்தலையில் இருந்து கால் விரல் வரை ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே என்ன தெரிகிறதோ அதை அப்படியே பார்ப்பது. சூடு, அரிப்பு, துடிப்பு, பாரம், வேர்வை, துணி உரசுவது, எதுவானாலும் சரி. ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும்.

இதில் என்ன நிம்மதி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் நம் மணிமேகலையிலேயே இருக்கிறது. கடைசிக் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரண்டு சார்புகளைச் சொல்கிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து அடுத்தது பிறக்கும் சங்கிலி. வாயில் என்றால் புலன்கள். ஊறு, பொருள் வந்து படுவது. நுகர்வு, பட்டதும் உடம்பிலும் மனசிலும் தெரிகிற இன்ப துன்பம். நுகர்வு வரைக்கும் நம் கையில் இல்லை. கொசு கடித்தால் அரிக்கத்தான் செய்யும். அரிப்பில் இருந்து "இது போக வேண்டும்" என்ற வேட்கைக்குத் தாவுகிற அந்த ஒரு கண்ணிதான் நம் கைக்கு எட்டுகிற இடம். பத்து நாளும் நடக்கிற வேலை அந்தக் கண்ணியில்தான். அரிக்கிறது, தெரிகிறது, சொறியாமல் பார்க்கிறோம், கொஞ்ச நேரத்தில் அது மாறிப்போகிறது. அநிச்சா, அநிச்சா என்று கோயங்கா குரல் சொல்லிக்கொண்டே இருப்பது இந்த மாற்றத்தைத்தான். வீட்டில் ஒருவர் வாய் தவறிப் பேசும்போது நெஞ்சில் குப்பென்று ஏறுகிற சூடும் இதே வகை நுகர்வுதான். அந்தச் சூட்டை நான்கு மூச்சு நேரம் பார்க்கக் கற்ற ஆள் திருப்பிப் பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும். இந்த மையத்தை எடைபோட வேண்டிய தராசு இதுதான். உட்கார்ந்திருக்கும்போது சுகமாக இருந்ததா என்பது கணக்கில் சேராது.

அதனால்தான் ஆறு, ஏழாம் நாளில் வருகிற ஒரு வழுக்கலைச் சொல்ல வேண்டும். சிலருக்கு உடம்பு முழுவதும் மெல்லிய அதிர்வு ஒரே ஓட்டமாக ஓட ஆரம்பிக்கும். ரொம்ப இன்பமாக இருக்கும். அடுத்த வேளை அது வராது. முதுகில் கல் வைத்த மாதிரி வலி மட்டும் இருக்கும். உடனே "போச்சு, நேற்று வந்தது இன்று இல்லை" என்று மனசு உடையும். அந்த ஏக்கமே வேட்கை. ஓட்டம் வருவது தேர்ச்சியும் இல்லை, கல் மாதிரி வலிப்பது தோல்வியும் இல்லை. இதை ஆசிரியரிடம் பகல் 12 மணிக்குப் போய்க் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் சரியாகும். கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்பவர்கள்தான் மிச்ச நாளை வீணடிக்கிறார்கள். ஆனால் தத்துவ விவாதத்துக்கு அங்கே இடமில்லை. முறையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

உட்காரும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேரைத் துரத்துவது மனசு அல்ல, முழங்கால். நான்காம் நாளில் இருந்து தினம் மூன்று வேளை, காலை 8, பகல் 2.30, மாலை 6 மணிக்கு, ஒரு மணி நேரம் கை, கால், கண் திறக்காமல் உட்கார முயற்சி செய்யச் சொல்வார்கள். அதிட்டானம் என்று பெயர். அதற்குள் ஆசனம் அமைந்துவிட வேண்டும். இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அதுதான் மூல விதி. வெறும் பாயில் சம்மணம் போட்டால் முழங்கால் தூக்கி நிற்கும், முதுகு கூனும், அரை மணியில் நடுமுதுகு எரியும். திண்டு வைத்து இடுப்பை நான்கு விரற்கடையாவது உயர்த்துங்கள். ரொம்ப உயர்த்தினால் உடம்பு முன்பக்கம் சரிந்து, கழுத்து வலிக்கும். இந்த நுணுக்கத்துக்கு ஒரு தோர்த்து, அதாவது துண்டு, போதும். கேரளத்துத் தோர்த்து மெல்லிசு; நாலாக மடித்துத் திண்டின் பின் ஓரத்தில், வால் எலும்புக்குக் கீழே மட்டும் வையுங்கள். இடுப்பு தானாக முன்னே சாய்ந்து, முதுகு தன்னால் நிமிரும். இன்னொரு தோர்த்தைச் சுருட்டி, தரையைத் தொடாமல் தொங்குகிற முழங்காலுக்கு அடியில் கொடுங்கள். கணுக்கால் மேல் இன்னொரு கால் ஏறி அழுத்தினால் மரத்துப்போகும். காலைக் காலுக்கு முன்னால் தரையில் வைத்தால் போதும்.

மரத்துப்போவதும் வலியும் வேறு வேறு. மரத்த கால் எழுந்து நின்றால் சில நிமிஷத்தில் சரியாகிவிடும். உணர்வு திரும்பும் முன் அடி வைத்தால்தான் விழுவீர்கள். முழங்காலின் உள்பக்கத்தில் ஊசி குத்துகிற மாதிரி வலித்து, எழுந்த பிறகும் போகவில்லை என்றால் மூட்டு முறுக்கப்படுகிறது என்று பொருள். அதைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டாம். உயரத்தைக் கூட்டுங்கள்; முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் பயிற்சி ஒரு துளியும் குறையாது.

சாப்பாடு சைவம். காலை 6.30, பகல் 11. புதியவர்களுக்கு மாலை 5 மணிக்கு டீயும் பழம், பொரி போல லேசான பண்டமும். ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு எலுமிச்சை நீர் மட்டும். பகல் சாப்பாட்டை முக்கால் வயிற்றோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பகல் 1 மணிக்குத் தொடங்கும் அமர்வு முழுவதும் தூக்கம்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நேரக்கணக்கு முக்கியம்: மாலைப் பண்டத்துக்கும் காலை உணவுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், மாத்திரை, ஊசி நேரத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றி அமைத்துக்கொண்டு போங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மன நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை மறைத்துச் சேரவே கூடாது. பேச்சும் துணையும் இல்லாத பத்து நாளில் பதற்றமோ பயமோ பொங்கினால் தாங்குவது கடினம். சிலரை வேண்டாம் என்று மையமே சொல்லும், அது அவர்கள் நல்லதற்குத்தான்.

பீடி, ஹான்ஸ், வெற்றிலையோடு போடும் புகையிலை, எதற்கும் அனுமதி இல்லை. ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவர் திடீரென்று இரண்டுக்கு இறங்கினால் மறுநாள் மண்டை பிளக்கும். அதைத் தியானத்தின் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்பே குறைக்க ஆரம்பியுங்கள். இடவப்பாதி மழையில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, துவைத்த துணி காயவே காயாது. இரண்டு செட் கூடுதலாக எடுங்கள், குடையும் டார்ச்சும் கட்டாயம். கொசுவை அடிக்கக் கூடாது, முதல் சீலமே உயிர்க்கொலை செய்யாமை. அதனால் கொசுவலை கொண்டுபோங்கள். வாசனைத் தைலம், பவுடர் வேண்டாம். ஹாலில் பக்கத்தில் இருப்பவர் மூக்கில்தான் அது ஏறும்.

மொழி விஷயத்தில் ஒரு குறை உண்டு. கோயங்காவின் ஹிந்தி, ஆங்கிலக் குரலோடு அந்தந்த வட்டார மொழிபெயர்ப்பும் வரும். கேரளத்தில் இயல்பாக அது மலையாளம். புனலூர்க்காரர்களுக்குக் கவலை இல்லை. தென்காசிப் பக்கம் மலையாளம் கடையில் பேசும் அளவுக்கே தெரிந்தவர்களுக்கு இரவு 7 மணி உரை முழுசாகப் புரியாது. அந்த உரைதான் அன்றைய நாளின் காரணங்களை விளக்குவது, அதைத் தவறவிட்டால் பயிற்சி வெறும் கசரத்தாகிவிடும். தமிழ் ஒலிப்பதிவு கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால் தமிழ்நாட்டு மையத்துக்குப் போவதே மேல். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது.

கட்டணம் கிடையாது. படுக்கை, சாப்பாடு, பயிற்சி எல்லாம் முன்னால் வந்து முடித்துப்போனவர்கள் கொடுத்த தானத்தில் நடக்கிறது. நீங்கள் முடித்த பிறகு, அடுத்து வருகிறவருக்காக, இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம். விண்ணப்பம் இணையத்தில், ஆண், பெண் இடங்கள் தனித்தனியாக நிரம்பும். இடம் உறுதியான பின் போக முடியாவிட்டால் உடனே ரத்து செய்யுங்கள், காத்திருப்பவர் ஒருவருக்கு அது கிடைக்கும்.

திரும்பி வந்தபின் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். இரண்டு வாரத்தில் இது நின்றுபோகிற வீடுதான் அதிகம், காரணம் மாலை மணி நேரம் தவறியதும் காலையையும் சேர்த்து விட்டுவிடுவது. மாலை போனால் போகட்டும், காலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; போனைத் தொடுவதற்கு முன் உட்காருங்கள்.

கடைசி நாள் காலையில் நேரம் இருந்தால் பக்கத்து ஊரான மாவேலிக்கரையில் இறங்குங்கள். புத்த ஜங்ஷன் என்றே பெயர் வைத்த முக்கில் பழைய கருங்கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள் திண்டோடு மல்லுக்கட்டிய கண்ணோடு அந்த முழங்காலையும் முதுகையும் பாருங்கள். கொல்லம் போகிற வண்டியை மாவேலிக்கரை ஸ்டேஷனிலேயே பிடித்துக்கொள்ளலாம்.