அண்ணா நகர் மாடி வகுப்பில் படித்த எரிவாயு வணிகம்

மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில், ஐரோப்பிய எரிவாயு கம்பெனிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. பி.காம். முடித்து இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அண்ணா நகரில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. இதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். சேரலாமா என்று ஆபீசில் பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

குழாயில் வாயுவுக்கு இடம் பிடிப்பது, அன்றாடம் அனுப்பும் அளவைத் தெரிவிப்பது பற்றிய பாடங்கள் சுமார்தான். சார் அவசரமாக ஓட்டிவிட்டார். ஆனால் ஜெர்மனியின் எரிவாயு சேமிப்புக் கட்டணம் பற்றிய பாடம் ஒன்றுக்கே கட்டிய பணம் தகும்.

2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின், குளிர்காலத்துக்குள் சேமிப்புக் கிடங்குகள் நிரம்ப வேண்டுமென்று ஜெர்மனி கிடைத்த விலைக்கு வாங்கியது. அந்த ஆகஸ்டில் சந்தை விலை மெகாவாட் மணிக்கு (வாயுவை அதன் ஆற்றலால் அளக்கும் அலகு) 300 யூரோவைத் தாண்டியிருந்தது. பிறகு விலை சரிந்தது, நஷ்டம்தான் மிஞ்சியது. அதை ஈடுகட்டத்தான் இந்தக் கட்டணம். வசூலித்தது, ஜெர்மனியின் எரிவாயுச் சந்தையை நிர்வகிக்கும் டிரேடிங் ஹப் யூரோப் நிறுவனம். 2022 அக்டோபரில் மெகாவாட் மணிக்கு 0.59 யூரோவில் தொடங்கி, 2024 ஜூலையில் 2.50 யூரோ ஆனது. ஜெர்மானியர்கள் எரிக்கும் வாயுவுக்கு மட்டுமில்லை, ஜெர்மனி வழியாக ஆஸ்திரியாவுக்கும் செக் நாட்டுக்கும் போகிற வாயுவுக்கும் எல்லையிலேயே விதித்தார்கள்.

சார் போர்டில் 10,000 மெகாவாட் மணி என்று எழுதி, 25,000 யூரோ என்று கணக்குப் போட்டார். "இந்தப் பணத்தை யார் தலையில கட்டுவீங்க, சொல்லுங்கப்பா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வகுப்பு அரை மணி நேரம் சண்டை போட்டது. மேலூர்ப் பையன் ஒருவன், "மேல் கண்மாயைத் தூர்வாரின செலவைக் கீழ் கண்மாய்க்காரன்கிட்டயும் வாங்குற மாதிரி இருக்கு சார்" என்றான். எனக்கு அதற்குப் பிறகுதான் ஆஸ்திரியர்களின் கோபம் முழுசாகப் புரிந்தது. கட்டணம் 2.50 யூரோ ஆன சமயத்தில் சந்தை விலை 35 யூரோவை ஒட்டி இருந்தது, அதில் இரண்டரை யூரோ சின்னத் தொகையில்லை. நார்வே வாயுவும் கப்பலில் வரும் வாயுவும் ஜெர்மனி வழியாக வந்தால் விலை ஏறியது. அன்று உக்ரைன் வழியாக வந்த ரஷ்ய வாயுவுக்கு இந்தச் சுமை இல்லை. ரஷ்யாவை விட்டு விலகப் பார்த்த அண்டை நாட்டுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பிய ஆணையமும் அண்டை நாடுகளும் எதிர்த்த பிறகு, 2025 ஜனவரி 1 முதல் எல்லையில் இந்தக் கட்டணம் நீங்கியது. அதே நாளில் உக்ரைன் வழியாக வந்த ரஷ்ய வாயுவும் நின்றது. ஜெர்மனிக்குள் கட்டணம் 2.99 யூரோவாக ஏறியது. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டியது சாரின் திறமை.

ஒரு குறை உண்டு. 2023 அக்டோபரில் பல்கேரியா தன் வழியாகப் போகும் ரஷ்ய வாயுவின் மேல் மெகாவாட் மணிக்கு 20 லெவா (அப்போதைய பல்கேரிய நாணயம்) கட்டணம் போட்டதையும், பல்கேரியா ஷெங்கனில் (எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) சேர்வதைத் தடுப்போம் என்று ஹங்கேரி மிரட்டியதும் பல்கேரியா டிசம்பரில் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டதையும் சார் தொடவே இல்லை. ஜெர்மனி பாடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அது. நானே கேட்ட பிறகு, அடுத்த அணிக்குச் சேர்க்கிறேன் என்றார்.

ஏற்கெனவே பில் வேலையில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். புதிதாக வருபவர்கள் குழாய் பாடங்களைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். லேப்டாப் கட்டாயம் வேண்டும், அங்கே கம்ப்யூட்டர் கிடையாது.