உள்ளூர் அரசியல்வாதிகளின் பக்கங்களுக்கு விக்கிப்பீடியாவின் நடுநிலைக் கருவிகள் போதுமா?

ஒரு பிரதமரைப் பற்றிய கட்டுரையில் யாராவது விஷமம் செய்தால் சில நிமிடங்களில் அது திருத்தப்பட்டுவிடும். அதே விஷமம் ஒரு நகர்மன்ற உறுப்பினரைப் பற்றிய கட்டுரையில் நடந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இருவருக்கும் விக்கிப்பீடியா தரும் கருவிகள் ஒன்றுதான். பார்க்கும் கண்களின் எண்ணிக்கைதான் வேறு. ஆகவே சர்ச்சைக்குள்ளான சிறிய தலைவர்களின் பக்கங்களில் இந்தக் கருவிகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதையே இங்கே பார்க்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு பக்கத்தின் கருவிப் பட்டியிலும் இருக்கும் 'பக்கத் தகவல்' என்ற இணைப்பு. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று அங்கே தெரியும். எண்ணிக்கை 30க்குக் கீழே இருந்தால் சரியான எண்ணைக் காட்டாமல் 'முப்பதுக்கும் குறைவு' என்று மட்டும் வரும். யாரும் கவனிக்காத பக்கங்களை விஷமிகள் எளிதாகக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடும்கூட. உள்ளூர்த் தலைவர்களின் பக்கங்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். அப்படிப்பட்ட பக்கத்தை உங்கள் கவனிப்புப் பட்டியலில் (அதில் சேர்த்த பக்கங்களின் மாற்றங்களை உங்களுக்குக் காட்டும் பட்டியல்) சேர்ப்பதுதான் அதற்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி. நிரந்தரமாகச் சேர்க்கத் தயக்கமாக இருந்தால் தேர்தல் முடியும்வரை ஒரு மாதம், மூன்று மாதம் என்று காலக்கெடு வைத்தும் சேர்க்கலாம்.

ஒரு மாவட்டத்துத் தலைவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கவனிக்க இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் கணக்குக்கென்று உள்ள பயனர் வெளியில் ஒரு துணைப்பக்கம் தொடங்கி, அவர்களுடைய கட்டுரைகளுக்கும் அவற்றைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கங்களுக்கும் அதில் இணைப்புக் கொடுங்கள். பிறகு அந்தத் துணைப்பக்கத்திலிருந்து 'தொடர்பான மாற்றங்கள்' என்பதைச் சொடுக்கினால், அதில் இணைத்த பக்கங்களில் நடந்த அண்மை மாற்றங்கள் அனைத்தும் ஒரே திரையில் வந்துவிடும். அந்த முகவரியை வேறொருவருக்குக் கொடுத்தால் அவரும் அதே பட்டியலைப் பார்க்கலாம். கவனிப்புப் பட்டியலை இப்படிப் பகிர முடியாது. இவ்வளவு பயனுள்ள வசதியைப் பலர் தொடுவதே இல்லை.

இருக்கிற கருவிகளில் முதல் மதிப்பெண் பக்க வரலாற்றுக்குத்தான். யார், எப்போது, எத்தனை பைட் சேர்த்தார், எத்தனை எடுத்தார் என்பதெல்லாம் வரிவரியாக அதில் இருக்கிறது. 'சிறு தொகுப்பு' என்று குறியிட்டிருந்தும் பைட் கணக்கு ஆயிரக்கணக்கில் மாறியிருந்தால் அந்த வேறுபாட்டை (பழைய வடிவத்தையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தை) திறந்து பார்த்தே ஆக வேண்டும். தொகுத்தவரின் பங்களிப்புப் பட்டியலையும் பாருங்கள். இந்த ஒரு தலைவரையும் அவருடைய எதிராளியையும் தவிர வேறு எதையும் தொடாத கணக்கா? ஒருவர் பக்கத்தில் புகழையும் மற்றவர் பக்கத்தில் வழக்குகளையும் சேர்க்கிறதா? அப்படியானால் எடுத்ததும் குற்றம் சாட்ட வேண்டாம்; அந்தக் கணக்கின் பேச்சுப் பக்கத்தில் நேரடியாகக் கேளுங்கள். எக்ஸ்டூல்ஸ் தளத்தில் கட்டுரையின் பெயரைக் கொடுத்தால் யார் எத்தனை முறை தொகுத்தார், எவ்வளவு உரை சேர்த்தார் என்று தொகுத்துத் தரும். ஒரே ஆள் பாதிக் கட்டுரையை எழுதியிருந்தால் அங்கே உடனே தெரிந்துவிடும்.

முன்பு கணக்கில்லாமல் தொகுப்பவரின் ஐபி முகவரி எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்க நாடாளுமன்ற அலுவலகங்களிலிருந்தே உறுப்பினர்களின் பக்கங்கள் அவர்களுக்குச் சாதகமாக மெழுகப்பட்டது 2006இல் வெளிவந்ததும், அங்கிருந்து நடக்கும் தொகுப்புகளை 2014இல் ஒரு தானியங்கி ட்விட்டரில் அறிவித்துக்கொண்டிருந்ததும் அதனால்தான். இப்போது தற்காலிகக் கணக்குகள் வந்துவிட்டன: அலைக்குறியும் (~) ஆண்டும் முன்னால் வரும் ஒரு பெயர், 90 நாள் ஆயுள். தனியுரிமைக்கு இது நல்லது, தேவையானதும்கூட. ஆனால் ஒரு கட்சி அலுவலகத்திலிருந்து நடக்கும் வெள்ளையடிப்பைச் சாதாரண வாசகர் இனி முகவரியை வைத்துப் பிடிக்க முடியாது. ஐபி பார்க்கும் உரிமை உள்ளவர்களிடம்தான் போக வேண்டும்.

ஒரு பக்கத்தை யார் தொகுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டு விஷயத்துக்கு வருவோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் பாதிப் பூட்டுப் போட்டால், 4 நாள் வயதும் 10 தொகுப்புகளும் உள்ள கணக்குகள் மட்டுமே உள்ளே வரலாம். தெருச்சண்டை வகை விஷமத்துக்கு அது போதும். திட்டமிட்டு வருகிறவருக்கு 10 தொகுப்பு ஒரு பொருட்டே அல்ல. வேறெங்கோ பத்துக் காற்புள்ளியைத் திருத்திவிட்டு வந்துவிடுவார். அதற்கு மேலுள்ள படிக்கு 30 நாளும் 500 தொகுப்பும் வேண்டும். அதைப் போட்டால் அந்த ஊரைப் பற்றி விவரம் தெரிந்த புதியவர்களும் வெளியே நின்றுவிடுகிறார்கள். மாற்றம் அதிகம் நடக்காத சிறிய பக்கங்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது 'நிலுவை மாற்றங்கள்' என்ற முறை. யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம். சரிபார்ப்பவர் ஏற்கும்வரை கணக்கில் நுழையாத வாசகருக்குப் பழைய வடிவமே தெரியும். வதந்தி பொதுமக்கள் பார்வைக்கே வராமல் தடுப்பதில் இதற்கு ஈடு இல்லை. குறை ஒன்றுதான்: எல்லா மொழி விக்கிகளிலும் இது கிடையாது.

கருவிகளைவிட முக்கியமானவை கொள்கைகள். ஜான் சீகெந்தாலர் என்ற பத்திரிகையாளரைக் கென்னடி படுகொலையோடு முடிச்சுப் போட்ட பொய் 2005இல் நான்கு மாதங்கள் நீக்கப்படாமல் இருந்தது. வாழும் நபர்கள் பற்றிய கொள்கை இறுகியது அதற்குப் பிறகுதான். ஆதாரமில்லாத, அல்லது நோஞ்சான் ஆதாரமுள்ள சர்ச்சைத் தகவலை விவாதத்துக்குக் காத்திராமல் உடனே எடுக்கலாம் என்கிறது அது. 24 மணி நேரத்தில் ஒரு பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் (பிறர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கக்) கூடாது என்ற விதியிலிருந்தும் இத்தகைய நீக்கத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எது நோஞ்சான் ஆதாரம் என்பதில் நிர்வாகிக்கு வேறு கருத்து இருந்தால் தடை உங்களுக்குத்தான் விழும். இரண்டாம் மீளமைப்போடு நிறுத்திவிட்டு, வாழும் நபர்களுக்கான அறிவிப்புப் பலகைக்குப் போவதே பாதுகாப்பு.

நடுநிலை நோக்குக் கொள்கையைப் பலர் 'இரண்டு பக்கமும் சமமாக எழுதுவது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது வேறு: நம்பகமான ஆதாரங்கள் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றனவோ, அந்த விகிதத்தில் நாமும் கொடுக்க வேண்டும். உள்ளூர்த் தலைவர் விஷயத்தில் சிக்கல் இங்கேதான். இருபது ஆண்டுப் பொதுவாழ்வைப் பற்றி ஆழமான கட்டுரை ஒன்றுகூட இருக்காது. ஒரு வழக்கைப் பற்றி மட்டும் பத்துச் செய்திகள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் இருந்தும் மொத்தக் கட்டுரை ஒரு குற்றப்பத்திரிகையாகவே நிற்கும். இந்த இடத்தில் கொள்கை தடுமாறுகிறது என்பதே எங்கள் கணிப்பு. கைகண்ட மருந்து, சுருக்குவதுதான். பத்துச் செய்தியும் ஒரே சம்பவத்தைச் சொன்னால் இரண்டு வாக்கியம் போதும். 'சர்ச்சைகள்' என்ற தனித் தலைப்பையும் கலைத்துவிட்டு, சம்பவத்தை அது நடந்த ஆண்டின் வரிசையிலேயே வையுங்கள். அந்தத் தலைப்பு இருக்கும்வரை வருகிறவரெல்லாம் அதில் ஒரு வரி கொட்டிவிட்டுத்தான் போவார்.

மாதிரிக்கு ஒரு வரி. 'ஒப்பந்தங்களை உறவினர்களுக்கு வாரி வழங்கிய இவர், ஊழல் அம்பலமானதும் பதவியை விட்டு ஓடினார்.' இதில் யார் சொன்னது என்பதே இல்லை. குற்றம் நிரூபணமானதுபோல் இருக்கிறது. 'வாரி', 'அம்பலம்', 'ஓடினார்' மூன்றும் தீர்ப்பையே எழுதிவிடுகின்றன. திருத்தினால் இப்படி வரும்: 'ஒப்பந்த ஒதுக்கீட்டில் உறவினருக்குச் சலுகை காட்டியதாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் புகார் அளித்தனர், அவர் அதை மறுத்தார். விசாரணை தொடங்கிய மாதம் பதவி விலகினார்.' இதன்பின் வழக்கின் இன்றைய நிலையையும் சேர்க்க வேண்டும். விடுதலையானவரின் பக்கத்தில் கைது மட்டும் தேங்கி நிற்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை. புகழ்ச்சியையும் இதே கத்தரியால் வெட்டுங்கள். 'ஏழைகளின் விடிவெள்ளி'யை எடுத்துவிட்டு, எந்த ஆண்டு எந்தத் திட்டத்துக்கு வாக்களித்தார் என்று எழுதினால் போதும்.

ஆதாரம் தேடும்போது பலர் தவறுவது நீதிமன்ற ஆவணத்தில். அசல் ஆவணமே கையில் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வாழும் நபரைப் பற்றிய கூற்றுகளுக்கு வழக்கு ஆவணங்களை நேரடி ஆதாரமாக வைக்கக் கூடாது என்கிறது கொள்கை. சுதந்திரமான ஊடகம் அதை எடுத்து எழுதியிருக்க வேண்டும். கட்சி நாளேடு, தலைவரின் சொந்தத் தளம், செய்தி போலவே அச்சாகும் விளம்பரம் எதுவும் சர்ச்சைக்குச் சான்றாகாது. பிறந்த ஆண்டு, படிப்பு போன்றவற்றுக்குச் சொந்தத் தளத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த இணைப்பை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் அன்றைக்கே சேமித்துவிடுங்கள். உள்ளூர்ச் செய்தித் தளங்கள் முகவரியை அடிக்கடி மாற்றும். இணைப்பு செத்துப்போனால் மறுநாளே 'ஆதாரமில்லை' என்று ஒருவர் வரியை நீக்குவார்.

தலைவரோ அவருடைய ஊழியரோ பிழையைத் திருத்தக் கேட்டால், பேச்சுப் பக்கத்தில் தொகுப்புக் கோரிக்கை வைக்கச் சொல்லுங்கள். ஊதியத்துக்குத் தொகுப்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. உடன்பாடு வராவிட்டால் பொதுக் கருத்துக் கேட்பு இருக்கிறது. வழக்கமாக 30 நாள் ஓடும். பெரிய விக்கிகளில் அது பயன் தருகிறது. ஆள் குறைந்த விக்கிகளில் அறிவிப்பு வைத்தும் யாரும் வராமல் போவதுண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் என்றால் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் சொல்லி ஆட்களை அழைப்பது பலன் தரும்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று. அவதூறை மீளமைத்தால் அது கட்டுரையிலிருந்துதான் போகிறது. பக்க வரலாற்றில் அப்படியே இருக்கும், இணைப்புக் கொடுத்துப் பரப்பவும் முடியும். கடுமையான அவதூறு என்றால் அந்தத் திருத்தத்தை மறைக்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். வீட்டு முகவரி, தொலைபேசி எண் போன்றவை என்றால் மேற்பார்வையாளர்களிடம் போக வேண்டும். அவர்கள் நிர்வாகிகளின் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுவார்கள். அந்தக் கோரிக்கையைப் பேச்சுப் பக்கத்தில் எழுதினால் எல்லோரையும் அங்கே கூட்டியதாகிவிடும். மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள், அந்தத் திருத்தத்தின் வேறுபாட்டு இணைப்போடு.