லூர் ஆடவில்லையா? முதலில் முடிச்சைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் விராலுக்கு லூர் (மீன், தவளை வடிவச் செயற்கை இரை) வீசுவது எனக்குப் பல வருடப் பழக்கம். புதுப்புது லூர் வாங்கியதைவிட, கட்டுகிற விதத்தை மாற்றியதில்தான் அதிகம் கடி விழுந்தது.

இங்கே பலரும் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) சேர்ந்த ஸ்னாப்பைத்தான் (திறந்து மூடும் கொக்கி) மாட்டுகிறார்கள். லூரைச் சட்டென்று மாற்றலாம், சரி. ஆனால் ஐந்தாறு கிராம் மின்னோ (குட்டிமீன் வடிவ) லூரின் மூக்கில் அவ்வளவு இரும்பைத் தொங்கவிட்டால் தலை அமுங்கி, ஆட்டமே செத்துவிடும். 1936இல் பின்லாந்தில் லாரி ரப்பாலா தக்கையைச் செதுக்கிச் செய்த லூரின் சூட்சுமமே, அடிபட்ட மீன் மாதிரி தள்ளாடி வருவதுதான். தடித்த தூண்டில் நரம்பை மூக்கில் இறுக்கிக் கட்டினாலும் அந்தத் தள்ளாட்டம் போய்விடும்.

நான் போடுவது, லூர் தாராளமாக ஆட இடம் விடும் நழுவாத லூப் (வளைய) முடிச்சு. நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சாதா முடிச்சைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். நுனியை மூக்கு வளையத்தில் நுழைத்து, தளர்ந்த முடிச்சுக்குள் வந்த வழியே திரும்ப விடுங்கள். அப்புறம் மேல் நரம்பைச் சுற்றி ஐந்து சுற்று. கடைசியாக, முடிச்சிலிருந்து வெளியே வந்த பக்கமாகவே நுனியை மறுபடி உள்ளே விட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் உரசல் சூட்டிலேயே நரம்பு வலுவிழந்துவிடும். லூப் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தால் போதும். பெரிய மீன் இழுத்த பிறகு அது சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரெய்டில் (பின்னல் நரம்பு) இந்த முடிச்சை நான் நம்புவதில்லை, வழுக்கும். அதன் நுனியில் மோனோ (ஒற்றை இழை) நரம்புத் துண்டை லீடராகச் சேர்த்து அதில் போடுகிறேன். ஃப்ளூரோகார்பன் என்கிற இன்னொரு வகை நரம்பு தண்ணீரில் அமிழும். மேலே மிதக்கும் பாப்பர் லூருக்கு அது தோதுப்படாது. மூக்கிலேயே ஸ்ப்ளிட் ரிங் (சாவிக்கொத்து மாதிரி வளையம்) உள்ள லூருக்கு லூப் தேவையில்லை, ரிங்கிலேயே இறுக்கிக் கட்டலாம். அவசரத்துக்கு, ஸ்விவல் இல்லாத குட்டி ஸ்னாப் பரவாயில்லை.

தவளை லூருக்கு இதெல்லாம் வேண்டாம். தாமரை இலைக்கு மேலே இழுக்கும்போது ஸ்னாப்பில் பாசி சிக்கிக்கொள்ளும். விரால் கடித்ததும் சீமைக்கருவேலத் தூருக்குள் புகுந்துவிடும். அங்கே ஆட்டத்தைவிடப் பலம்தான் முக்கியம். அதனால் தடித்த பிரெய்டில் பாலோமர் என்கிற பலமான முடிச்சு, நேராகத் தவளையின் மூக்கில்.

மழைக்காலம் முடிந்து கண்மாய் தெளிந்ததும் போவது நல்லது. கோடையில் மீன்பிடித் திருவிழா நடந்துவிட்டால் அப்புறம் லூருக்கு வேலையில்லை. குத்தகைதாரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள், குடிநீர் ஊரணிப் பக்கம் போகவே வேண்டாம்.

ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) மட்டும் விதிவிலக்கு. சுழன்று வந்து நரம்பை முறுக்கிவிடும், ஸ்விவல் கட்டாயம் வேண்டும். அதை மூக்கில் மாட்டாமல், லீடரின் மேல்முனையில் ஒரு முழம் தள்ளி வையுங்கள்.