மான்செஸ்டர் பீப்பிள்ஸ் ஹிஸ்டரி மியூசியம்: ரேடிக்கல், லிபரல் குழப்பம் உள்ளவங்க கண்டிப்பா போங்க

மான்செஸ்டர்ல ஸ்பின்னிங்ஃபீல்ட்ஸ் பக்கம் இர்வெல் ஆத்தங்கரையில இருக்கு இந்த மியூசியம், ஓட்டுக்கும் உரிமைக்கும் சாதாரண மக்கள் போராடின கதையைச் சொல்ற இடம். முதல்லயே சொல்லிடறேன், என் மார்க் 5க்கு 5. என்ட்ரி ஃப்ரீ, முடிஞ்சா டொனேஷன் போடுங்கன்னு கேப்பாங்க, தாராளமா போடுங்க. ஒரு பக்கம் பழைய ஹைட்ராலிக் பம்பிங் ஸ்டேஷன், அதை ஒட்டி 2010ல திறந்த துரு கலர் இரும்புத் தகடு போட்ட புதுக் கட்டிடம், பாத்தவுடனே கண்டுபிடிச்சிடலாம். ஃபுட்பால் ஸ்டேடியம் பாக்க இந்த ஊருக்கு வர்ற நம்ம ஆளுங்க பல பேருக்கு இப்படி ஒரு இடம் இருக்கறதே தெரியல, அதான் எழுதறேன்.

அரசியல் பேசற நிறைய பேர் ரேடிக்கல்னா (அடிப்படையையே மாத்தணும்ங்கறவங்க) சத்தமா பேசற லிபரல்னு (சுதந்திரம், சீர்திருத்தம் பேசறவங்க) எடுத்துக்கறாங்க, அதாவது ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல போறாங்க, ஒருத்தர் கொஞ்சம் வேகம், ஒருத்தர் கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான்னு. இந்த மியூசியத்தோட முதல் கேலரிய பொறுமையா பாத்துட்டு அப்படியே வெளிய வந்து பீட்டர் ஸ்ட்ரீட் வரைக்கும் ஒரு பதினஞ்சு நிமிஷம் நடந்தீங்கன்னா அப்படி இல்லன்னு தெரிஞ்சுடும். எனக்கு இந்த இடத்து மேல இவ்வளவு பிரியம் வர்றதுக்குக் காரணமே அதுதான்.

கேலரியில முக்கியமான இடம் பீட்டர்லூவுக்கு. 1819 ஆகஸ்ட் 16, செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்டுங்கற மைதானத்துல சுமார் 60,000 பேர் கூடினாங்க, பெண்கள் குழந்தைங்க உட்பட, ஓட்டுரிமை வேணும்னு கேட்டு. இவ்வளவு பெரிய மில் ஊருக்கு அப்ப தனியா ஒரு எம்பி கூட கிடையாது. பேச வந்தவர் ரேடிக்கல் பேச்சாளர் ஹென்றி ஹண்ட். அவரை அரெஸ்ட் பண்றோம்னு குதிரைப்படை கத்தியோட கூட்டத்துக்குள்ள புகுந்துச்சு. அந்தச் சம்பவத்தை நினைவு வெச்சு அப்ப செஞ்ச ஜக்கு, கைக்குட்டை மாதிரி சாமான்லாம் இவங்க கலெக்ஷன்ல இருக்கு, சாதாரண வீட்டுப் பொருள்லயே மக்கள் தங்களோட கோவத்தை பதிச்சு வெச்சிருக்காங்க, அதை நின்னு பாருங்க. 'மனித உரிமைகள்' புத்தகம் எழுதின ரேடிக்கல் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் உக்காந்து எழுதின மேஜையும் இங்கதான்.

அதுக்கப்புறம் வர்ற கதைதான் ரெண்டு லேபிளையும் பிரிச்சுக் காட்டுது. 1832ல விக் கட்சி (பின்னாடி வந்த லிபரல் கட்சிக்கு முன்னோடி) அரசாங்கம் சீர்திருத்தச் சட்டம் கொண்டு வருது, சொத்து உள்ள நடுத்தர வர்க்க ஆம்பளைங்களுக்கு ஓட்டு, மான்செஸ்டருக்கும் எம்பி சீட்டு. லிபரல் மனசுள்ளவங்களுக்கு அது பெரிய வெற்றி. ஆனா ஹண்ட் அப்ப பிரெஸ்டன் எம்பியா பார்லிமென்ட்ல இருந்தார், அவர் அந்த மசோதாவை எதிர்த்தார், ஏன்னா மைதானத்துல அடி வாங்கின தொழிலாளிக்கு அதுல ஒண்ணுமே இல்ல. கிடைச்சதை வாங்கிக்கிட்டு மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்ற ஆளும், இருக்கறவனுக்கு மட்டும் கதவைத் திறந்தா வெளிய நிக்கறவன் இன்னும் தனியாயிடுவான்னு சொல்ற ஆளும் வேகத்துல மட்டும் வேறுபடறவங்களா? அவங்க கேக்கற கேள்வியே வேற. 1838ல சார்ட்டிஸ்டுங்க, அதாவது ஓட்டு கேட்டுப் போராடின தொழிலாளர் இயக்கத்துக்காரங்க, ஆறு கோரிக்கை வெச்சாங்க, எல்லா ஆம்பளைக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, எம்பிக்கு சம்பளம், எம்பி ஆக சொத்து வேணும்ங்கற விதி போகணும், தொகுதியெல்லாம் சம அளவு, வருஷா வருஷம் தேர்தல். கடைசி ஒண்ணைத் தவிர எல்லாம் பின்னாடி நடந்துச்சு, ரகசிய ஓட்டு வர 1872 ஆச்சு, எம்பி சம்பளம் வர 1911 ஆச்சு.

இப்ப வெளிய வாங்க. பீட்டர் ஸ்ட்ரீட்ல ஃப்ரீ ட்ரேட் ஹால்னு ஒரு கட்டிடம், இப்ப ஹோட்டல். பீட்டர்லூ நடந்த அதே மைதானத்துல, ரிச்சர்ட் காப்டன் குடுத்த நிலத்துல, 1850கள்ல கட்டினது. காப்டனும் ஜான் பிரைட்டும் தானிய வரிச் சட்டத்தை (வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏத்தின சட்டம்) எதிர்த்துப் போராடி 1846ல அதை ஒழிச்ச லிபரல் தலைவருங்க, ரொட்டி விலை குறையணும் வியாபாரத்துக்குத் தடை இருக்கக் கூடாதுங்கறது அவங்க பேச்சு. பீட்டர்லூ பேனர்லயும் தானியச் சட்டம் வேணாம்னு இருந்துச்சு, கோரிக்கை ஒண்ணுதான். ஆனா 1840கள்ல சார்ட்டிஸ்டுங்க இவங்க கூட்டத்துல போய் சண்டை போட்டாங்க, ரொட்டி விலை குறைஞ்சா மில் முதலாளி கூலியையும் குறைப்பான், கையில ஓட்டு இல்லாம அதை எப்படித் தடுப்பேன்னு. அவங்க சந்தேகப்பட்டது சரிதான்னு நான் நினைக்கறேன், ஏன்னா மில்லுல வேலை நேரத்தை பத்து மணி நேரமா குறைக்கற சட்டம் 1847ல வந்தப்ப பிரைட் அதை எதிர்த்தார், ஒப்பந்த சுதந்திரத்துல அரசாங்கம் தலையிடக் கூடாதுங்கறதுக்காக. அதே பிரைட் 1860கள்ல தொழிலாளிக்கு ஓட்டு வேணும்னு ஊர் ஊராப் பேசினார், அதையும் சொல்லாம விட்டா நியாயம் இல்ல.

இதே ஹால்ல 1905 அக்டோபர்ல லிபரல் கட்சிக் கூட்டம். லிபரல் தலைவர் எட்வர்ட் கிரே பேசறார். பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடின கிறிஸ்டபெல் பேங்க்ஹர்ஸ்டும், மில் தொழிலாளி ஆனி கென்னியும் எழுந்து, உங்க அரசாங்கம் பெண்களுக்கு ஓட்டு குடுக்குமான்னு கேக்கறாங்க. பதில் இல்ல. வெளிய தள்ளி அரெஸ்ட் பண்றாங்க, ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க. சுதந்திரம் பேரைச் சொல்ற கட்சியோட மேடை, அதுக்குக் கீழ ஓட்டே இல்லாத ரெண்டு பெண்கள். அந்த கட்டிடத்து முன்னாடி நிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

அந்தச் சுவத்துல இப்ப பீட்டர்லூ பத்தி ஒரு சிவப்பு பிளேக் (நினைவுப் பலகை) இருக்கு, ஆயுதம் ஏந்தின குதிரைப்படை தாக்கி 15 பேர் செத்தாங்க, 600 பேருக்கு மேல காயம்னு தெளிவா எழுதியிருக்கு. 2007க்கு முன்னாடி இருந்த நீல பிளேக்ல ராணுவம் கூட்டத்தைக் கலைச்சதுன்னு மட்டும்தான் இருந்துச்சு, சாவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஏரியாவுல காசு வாங்கிட்டு கூட்டிட்டு போற வாக்கிங் டூர் நிறைய இருக்கு, நான் போன ஒண்ணுல (பேர் வேணாம்) ஹண்ட், காப்டன், பேங்க்ஹர்ஸ்ட் எல்லாரையும் "லிபரல் மான்செஸ்டர்"னு ஒரே மூட்டையில கட்டிட்டார் கைடு. லேபிள் கலந்து போனதுக்கு வரலாற்றுக் காரணம் இருக்கு, 1859ல விக், முன்னாள் கன்சர்வேடிவ் பிரதமர் பீலோட ஆதரவாளர்கள், ரேடிக்கல்கள் எல்லாம் சேந்துதான் லிபரல் கட்சி உருவாச்சு, பிரைட்டையே பார்லிமென்ட்ல ரேடிக்கல்னுதான் கூப்பிட்டாங்க. அதைச் சொல்லிட்டு கலந்தா பரவால்ல. மியூசியத்தை முதல்ல பாத்துட்டு நீங்களே நடங்க, அதுவே போதும்.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு தொடர்பு இருக்கு. சார்லஸ் பிராட்லான்னு ஒருத்தர், 1880ல நார்த்தாம்ப்டன் எம்பியா ஜெயிச்சும் நாத்திகர்ங்கறதால 1886 வரைக்கும் சபையில ஒழுங்கா உக்கார விடல. மன்னராட்சி வேணாம், மதம் வேணாம்னு சொன்ன ரேடிக்கல், ஆனா சோசலிசத்தைக் கடைசி வரைக்கும் எதிர்த்தார். அவரோட சேர்ந்து வேலை செஞ்ச அன்னி பெசன்ட் அந்த இடத்துலதான் விலகி சோசலிசத்துக்குப் போனாங்க, 1888ல லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களோட வேலைநிறுத்தத்துக்கு துணை நின்னாங்க, அப்புறம் நம்ம அடையாறு. பிராட்லாவோட சிந்தனையைப் படிச்ச சென்னைக்காரங்க 1880கள்லயே தத்துவ விவேசினின்னு ஒரு பத்திரிகை நடத்தினாங்க. ஆக ஒரே ஆளுக்கு மதத்துல ஒரு லேபிள், பொருளாதாரத்துல ஒரு லேபிள் பொருந்தும், எந்த விஷயத்துலன்னு கேக்காம லேபிள் ஒட்டறது வீண்.

போறவங்களுக்கு: யூனியன் பேனர்லாம் பட்டுத்துணி, அதனால வெளிச்சம் கம்மியா வெச்சிருப்பாங்க, கண்ணாடி எடுத்துட்டுப் போங்க. பேனர் டிஸ்ப்ளே அப்பப்ப மாத்துவாங்க, அதனால மறுபடி போனாலும் புதுசா பாக்க இருக்கும். ரெண்டாவது கேலரி 1945க்கு அப்புறம் உள்ள கதை, நல்லாத்தான் இருக்கு, ஆனா நேரம் கம்மின்னா முதல் கேலரிக்கே குடுங்க. லேபர் கட்சி, பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டோட ஆவணங்களும் இதே கட்டிடத்துல இருக்கு, படிக்கற ஸ்டூடண்ட்ஸ் முன்னாடியே மெயில் போட்டு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிட்டுப் போங்க.