டோன் வருது, கால் போகல: கோத்தகிரில 7 வருஷம் லேண்ட்லைன் வெச்சிருந்தவன் ரிவியூ

கம்பெனி பேர் வேணாம், சண்டைக்கு வரல. நான் கோயமுத்தூர்ல எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்து ரிட்டயர் ஆகி இங்க ரெண்டு ரூம் வெச்சு ஹோம்ஸ்டே நடத்தறேன், அதனால ரிவியூ கொஞ்சம் உள்ள வரைக்கும் போகும், பொறுத்துக்கங்க.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். லைன்மேனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. சில்வர் ஓக் மரம் வயர் மேல சாஞ்சப்ப சாயங்காலத்துக்குள்ள வந்து போஸ்ட் ஏறி டிபி பாக்ஸ்ல (வீட்டு வயருங்க பிரியற பெட்டி) புதுசா ஜாயின்ட் போட்டு குடுத்துட்டு ஒரு டீ கூட குடிக்காம போயிட்டாரு, அதுவும் கொட்டற மழைல. காப்பர் லைன்ங்கறதால கரண்ட் இல்லாட்டியும் போன் அடிக்கும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூம்ல இருந்தே 48 வோல்ட் வருது, வீட்டுல மெழுகுவத்தி எரியறப்ப கூட புக்கிங் கால் எடுத்திருக்கேன்.

போன கார்த்திகைலதான் வெனை. நாலு நாள் விடாத மழை. ரிசீவர எடுத்தா டோன் ஜம்முனு வருது, பஜார் மெடிக்கலுக்கு அடிச்சா ரிங் போகுது, மேட்டுப்பாளையத்துக்கு அடிச்சா மட்டும் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளனன்னு அந்த பழைய அம்மா குரல். கெஸ்ட்டோட மொபைல வாங்கி கஸ்டமர் கேர்க்கு அடிச்சா, "டோன் வருதுல்ல சார், அப்ப எங்க பக்கம் ப்ராப்ளம் இல்ல"ன்னுட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

டோன் குடுக்கறது பஜார்ல இருக்கற எக்ஸ்சேஞ்ச், அதுக்கு மலைக்கு கீழ எதுவுமே தேவையில்ல. வெளியூர் கால்னா நம்ம எக்ஸ்சேஞ்ச் எதிர் எக்ஸ்சேஞ்சுக்கு இந்த நம்பருக்கு இந்த சர்க்யூட்ல, அதாவது இந்த பேச்சு வழில, ஒரு கால் வருதுன்னு மொதல்ல ஒரு மெசேஜ் அனுப்பணும். மலை ரயில்ல அடுத்த ஸ்டேஷன் லைன் க்ளியர் குடுக்காம வண்டிய எடுக்க மாட்டாங்கல்ல, அதேதான். இதுக்கு பேரு எஸ்எஸ்7, 1980ல வந்த ஸ்டாண்டர்ட். தனியா பெரிய கேபிள் போட்டிருப்பாங்கன்னு நெனைக்காதீங்க. எக்ஸ்சேஞ்சுகள இணைக்கற ஒரு ஈ1 டிஜிட்டல் லைன்ங்கறது செகண்டுக்கு 2.048 மெகாபிட், அதுல 64 கிலோபிட் வீதம் 32 ஸ்லாட், ஜீரோ ஸ்லாட் டைமிங்குக்கு, பெரும்பாலும் 16வது ஸ்லாட் சிக்னலிங்குக்கு, மிச்சம்தான் நாம பேசறது. அந்த ஒத்த ஸ்லாட்டே நூத்துக்கணக்கான பேச்சு சர்க்யூட்டுக்கு வேலை பாக்கும். முன்னாடி எல்லாம் சிக்னலும் பேச்சும் ஒரே சர்க்யூட்லதான் ஓடுச்சு, அமெரிக்கால பசங்க எக்ஸ்சேஞ்சோட சிக்னல் சத்தமான 2600 ஹெர்ட்ஸ்ல விசில் ஊதியே ஓசில ட்ரங்க் கால் பேசினானுங்க, அப்படி பட்டதுக்கு அப்புறம்தான் தனியா பிரிக்கறதோட அருமை புரிஞ்சுது.

இத கட்டற விதம் இருக்கே, அவ்ளோ ஜாக்கிரதை. மெசேஜ வாங்கி வழி திருப்பி விடற எஸ்டிபிங்கற மெஷின எப்பவும் ஜோடியாத்தான் வெப்பாங்க, வேற வேற பில்டிங்ல, முடிஞ்சா வேற வேற ஊர்ல. ஒவ்வொரு எக்ஸ்சேஞ்ச்ல இருந்தும் ரெண்டுக்கும் லிங்க் போகும், ஒவ்வொண்ணுலயும் 40 சதவீதம் லோடுதான் ஏத்துவாங்க, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு 80 சதவீதத்த தாங்கணும்ல. ராக்ல கேபிள் போடறப்ப கூட ஒண்ண எடது பக்கம் இன்னொண்ண வலது பக்கம்னு இழுப்போம், பவரும் வேற வேற ஃப்யூஸ் பேனல்ல இருந்து. நானே இழுத்திருக்கேன், முதுகு வலி இன்னும் இருக்கு.

இவ்ளோ பாத்து பாத்து கட்டிட்டு கடைசில பண்ணினது என்னன்னா, அந்த ரெண்டு லிங்க்கையும் கோத்தகிரி காட் ரோட்டுல ஒரே குழில போட்டு மூடிட்டாங்க. லைன்மேன்தான் போய் பாத்துட்டு வந்து, "சார், குஞ்சப்பனை பக்கம் ரோட்டோரம் சரிஞ்சு கெடக்கு, ரெண்டு கேபிளும் அதுலதான்"ன்னு சொன்னாரு. ஆபீஸ் மேப்ல மட்டும் ரெண்டு கலர்ல ரெண்டு கோடு இருக்குமா இருக்கும். அந்த கெஸ்ட் மொபைல் எப்படி வேலை செஞ்சுதுன்னா அவங்க கேபிள் பர்லியார், குன்னூர் வழியா ஏறுதாம். மேட்டுப்பாளையத்துல இருந்து ரெண்டு ரோட சாமியே குடுத்திருக்கு, அந்தப் பக்கம் கூடலூர் வழி வேற இருக்கு, 2009 நவம்பர் மழைல மலை சரிஞ்சத பாத்த ஊர்ல ஒரே ரோட நம்பி ரெண்டையும் பொதைக்கறதெல்லாம் என்ன கணக்குங்க? மூணு நாள் ஆச்சு சரியாக, எனக்கு ரெண்டு புக்கிங் போச்சு.

இப்ப ரெண்டு மாசமா ஃபைபருக்கு மாத்திட்டாங்க. ஸ்பீடு ஓகே, குரல் தெளிவா இருக்கு, அதுல கொறை சொல்ல மாட்டேன். சிக்னலிங்கும் இப்ப ஐபில, அதாவது இன்டர்நெட் மாதிரி நெட்வொர்க்ல, ஓடுதுங்கறாங்க. அதுக்குன்னே 2000ல எஸ்சிடிபின்னு ஒண்ணு வந்துச்சு, ஒரே கனெக்ஷனுக்கு ரெண்டு அட்ரஸ் வெச்சுக்கலாம், ஒரு வழி போனா இன்னொண்ணுக்கு அதுவே மாறிக்கும், நல்ல ஐடியாதான். ஆனா ரெண்டு அட்ரஸும் அதே குழி வழியா எறங்கினா அது எங்க மாறும், பாவம்!

இன்னொண்ணு, கண்ணாடி இழைல கரண்ட் வராது, அதனால வீட்டுல பவர் போச்சுன்னா அவங்க மாட்டற ஃபைபர் பாக்ஸோட சேந்து போனும் காலி. மாட்ட வந்த பையன் இத பத்தி வாயே திறக்கல, நம்ம லைன்மேன் சொல்லித்தான் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டினேன், கோத்தகிரில ஃபைபர் எடுக்கறவங்க அதையும் பட்ஜெட்ல சேத்துக்கங்க.

லைன்மேனுக்கு அஞ்சு, கஸ்டமர் கேர்க்கு ஒண்ணு, மொத்தத்துல மூணு ஸ்டார். ரெண்டாவது கேபிள குன்னூர் பக்கமா ஏத்தினாங்கன்னா எடிட் பண்ணி நாலாக்கறேன்.